விருந்தினர் பேசிக்கொண்டிருந்தபோது

எங்கள் சேவை சங்கத்துக்கு இப்போது மேனேஜராக இருக்கும் பெண் போன மாதம் போன் செய்தாள். ஆண்டு மலர் போடுகிறார்களாம்.

"அண்ணா, எத்தனையோ பேச்சாளருங்களக் கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போயிருக்கீங்க. உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்."

"நான் ஏழாவதோட நின்னவன் கண்ணு. எழுத்தெல்லாம் எங்க வரப்போகுது?"

"பேசற மாதிரியே எழுதுங்க. நான் திருத்திக்கறேன்."

மூன்று வாரம் தள்ளிப் போட்டேன். கூட்டிவந்த ஆட்களைப் பற்றி எழுதுவது பெரிய விஷயமில்லை. ஆனால் பேச்சாளர் என்று நினைத்தாலே ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுத முடியவில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் மேச்சேரிப் பக்கம். பள்ளிக்கூடத்தை விட்டபின் சந்தைக்கு ஆடு ஓட்டினேன். அப்புறம் ரிக் வண்டி ஏறி வடக்கே போய் ஆறு வருடம் போர்வெல் போட்டேன். திரும்பி வந்து தறி ஓட்டினேன், கோழிப்பண்ணையில் தடுப்பூசி போட்டேன், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடித்தேன். ஊர் திரும்பியபின் எந்த இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் கால் தங்கியதில்லை. பட்டினி கிடந்த நாளும் உண்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்த நாளும் உண்டு. அதெல்லாம் அந்தந்த நேரத்தோடு போயிற்று. பட்டறை முதலாளி தங்கராசு அய்யாதான், "ஏனுங்க மணி, நம்ம சங்கத்துக்கு ஒரு ஆள் வேணுமுங்க. பாக்கறீங்களா?" என்று கேட்டார். ஒரு மாதம் இருந்து பார்ப்போம் என்று போனேன். பதினாறு வருடம் இருந்துவிட்டேன்.

மாதம் இரண்டு கூட்டம். இரண்டிலும் சிறப்பு விருந்தினர் உண்டு. விருந்தினரைச் சேலம் ஜங்ஷனில் இறக்கிக் காரில் ஏற்றி, நாமக்கல் வரும்வரை வழியில் அவருக்கு டீ வேண்டுமா, காபி வேண்டுமா என்று கேட்டு, சங்கக் கட்டடத்தில் கொண்டுவந்து விடுவது என் வேலை. அதற்குமுன் மேடை ஏற்பாடு. நடுவில் தலைவர், அவர் வலப்பக்கம் விருந்தினர், இடப்பக்கம் செயலாளர். தலைவர் முன்னால் பித்தளை மணி. தண்ணீர் டம்ளருக்கு மூடி. குத்துவிளக்குக்கு ஐந்து திரி, அதில் ஒன்று முன்பே ஏற்றி அணைத்த திரியாக இருக்க வேண்டும். அப்போதுதான் விருந்தினர் மெழுகுவத்தியை நீட்டியதும் பட்டென்று பிடிக்கும். சால்வை பிரித்து மடித்து, உதறினால் விரிகிற மாதிரி. நினைவுப் பரிசில் பெயர் சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் மேற்பார்வை பார்த்தவர் தங்கராசு அய்யா. தலைவரும் செயலாளரும் வருடத்துக்கு வருடம் மாறுவார்கள். அவர் மட்டும் எப்போதும் கூட்ட ஒழுங்குக்குப் பொறுப்பு. பட்டறையில் கத்திக் கத்தியே அவருக்குத் தொண்டை போய்விட்டது. மெதுவாகத்தான் பேசுவார். எனக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். தப்பு நடந்தால் திட்டமாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து ஏதோ எழுதி, என் பக்கத்தில் வந்து, என் சட்டைப் பைக்குள் அதைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்குப் போய்த்தான் நான் பிரிப்பேன். 'மைக் இருமுறை கூவியது.' 'விருந்தினர் செருப்பைத் தேடினார்.' அவ்வளவுதான் இருக்கும். பட்டறையில் கெட்ட வார்த்தையில் திட்டு வாங்கியவன் நான். அது எதுவும் என்னை ஒன்றும் செய்ததில்லை. இந்தச் சீட்டைப் பிரிக்கத்தான் பயப்படுவேன்.

ஒருமுறை அறிமுக உரைத் தாள்களை மாற்றி அடுக்கிவிட்டேன். வந்தவர் கண் டாக்டர். செயலாளர் வாசித்ததோ அடுத்த கூட்டத்துக்கு வரவிருந்த கால்நடை டாக்டரின் தாள். "கோழிகளின் வெள்ளைக்கழிச்சலை ஒழிப்பதில் இவருக்கு நிகர் இவரே" என்றதும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பண்ணைக்காரர்களா, கை தட்டிவிட்டார்கள். கண் டாக்டர் நல்ல மனுஷன். "கோழிக்குக் கண் வலின்னாலும் கூட்டிட்டு வாங்க, பாக்கறேன்" என்று சமாளித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சீட்டு வந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெறும் தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அவர் எழுதாத விதி ஒன்று இருந்தது. வாயால் பலமுறை சொல்லியிருக்கிறார். "பேச்சாளர் எந்திரிச்சு நின்னுட்டா கதவச் சாத்திருங்க மணி. நன்றியுரை வரைக்கும் யாரும் உள்ள வரவும் வேண்டாம், வெளிய போகவும் வேண்டாம். தூரத்துல இருந்து வந்து பேசறவருக்கு நாம குடுக்கற மரியாதை அது ஒண்ணுதானுங்க."

அந்த ஞாயிறு குடும்ப விழா. சித்திரை வெயில். மனைவி, மக்களோடு எல்லோரும் வந்திருந்தார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஒரு பேராசிரியரை அழைத்திருந்தார்கள். பேச்சு ஒரு மணி நேரம், பிறகு விருந்து. பேச்சின்போது சின்னப் பிள்ளைகள் சத்தம் போடும் என்பதால் அவர்களைப் பின்னறையில் விடுவது வழக்கம். அங்கே டிவி உண்டு, ஜமக்காளம் விரித்திருக்கும், ஜன்னலில் பெரிய ஏர் கூலர் பொருத்தியிருக்கும். மற்ற ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். பிள்ளைகள் சத்தம் ஹாலுக்குக் கேட்கக் கூடாதல்லவா. அன்று பதினான்கு பிள்ளைகள். சமையல்காரர் மனைவி பாப்பாத்தி அக்காவைக் காவலுக்கு உட்கார வைத்திருந்தேன்.

பேராசிரியர் பேச ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் கரண்ட் போயிற்று. எங்கள் பெரிய ஜெனரேட்டருக்கு பேட்டரி போய் ஒரு வாரமாகியிருந்தது. அதற்காக வாடகைக்கு ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் எடுத்து, வாசல் படிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். கயிற்றை இழுத்து ஓட விட்டேன். மைக் வந்தது, ஃபேன் சுற்றியது. பின்னறை டிவியும் கூலரும் அதிலேதான்.

ஆனால் அது படபடவென்று காது கிழியக் கத்தியது. பேராசிரியர் பேச்சை நிறுத்தி, "எனக்குப் போட்டியா வெளிய ஒருத்தர் பேசிட்டு இருக்காரு" என்றார். சிரிப்பு. தங்கராசு அய்யா கதவுப் பக்கம் வந்து என்னைப் பார்த்துக் கையைப் பின்பக்கமாகக் காட்டினார். "பின்னால கொண்டு போயிருங்க மணி. சத்தம் கேக்கப்படாது."

வயரை நீட்டிக்கொண்டு, ஓடுகிற மெஷினை நிறுத்தாமலே தள்ளு வண்டியில் வைத்துக் கட்டடத்தைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனேன். பின்பக்கம் வெயில் கொளுத்தியது. பின்னறை ஜன்னலுக்கு வெளியே கூலரின் முதுகு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குமேல் தகரம் இறக்கியிருந்ததால் அங்கே மட்டும் நிழல். அந்த நிழலில், கூலருக்கு ஒரு முழம் தள்ளி, ஜெனரேட்டரை நிறுத்தினேன். சத்தம் ஹாலில் கேட்கவில்லை. வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் பின்னறைக்குப் போனேன். வெளியிலிருந்தே கவனித்தேன்: சத்தமே இல்லை. போன வருடக் குடும்ப விழாவில் இதே அறையில் சண்டையும் கூச்சலுமாகக் கிடந்து, எனக்குச் சீட்டு வந்திருந்தது. கதவை நாலு விரல் அகலம் திறந்தேன். கூலர் காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. வெட்டிவேர் வாசம். கூடவே கொஞ்சம் பெட்ரோல் வாசம். மெஷினைத் தள்ளிய என் கையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். டிவியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஜமக்காளத்தில் அங்கங்கே படுத்துக் கிடந்தார்கள். பாப்பாத்தி அக்கா இல்லை. இலை போட ஆள் பற்றாமல் சமையல்காரர் கூப்பிட்டுக்கொண்டு போயிருந்தார். எல்லாம் தூங்கிவிட்டன, இன்றைக்குப் பிழைத்தேன் என்று சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன்.

பிறகு பந்திக் கொட்டகைக்குப் போய், பாயசத்தை டம்ளரில் ஊற்றுவதா கப்பில் ஊற்றுவதா என்று சமையல்காரரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. பத்து நிமிடம் இருக்கும். பெட்ரோல் தீர்ந்து மைக் நின்றுவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் கேனை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டரிடம் போனேன்.

குனிந்து மூடியைத் திறக்கப் போகும்போது புகையைப் பார்த்தேன். அது மேலே போகவில்லை. சைலன்சரிலிருந்து வந்த வேகத்தில் வளைந்து, கூலரின் முதுகில் இருந்த நார் மெத்தைக்குள் போய்க்கொண்டிருந்தது. கூலர் அதை இழுத்துக்கொண்டிருந்தது.

ரிக் வண்டியில் இருந்தபோது, வடக்கே ஒரு குளிர்காலத்தில், எங்களில் இரண்டு பேர் கேபின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இஞ்சினை ஓடவிட்டுப் படுத்தார்கள். விடிந்து கதவைத் திறந்தபோது ஒருவன்தான் எழுந்தான். மற்றவன் முகம் தூங்குகிற மாதிரியேதான் இருந்தது.

என் கை ஜெனரேட்டர் சுவிட்சின் மேல் இருந்தது. அந்த நேரத்தில் ஹாலில் பெரிய சிரிப்பு எழுந்தது. இதை அணைத்தால் மைக் போய்விடும் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். இரண்டு மூச்சு விடுகிற நேரம் கையை அப்படியே வைத்திருந்தேன். பிறகு அணைத்தேன்.

ஓடிப்போய்க் கதவை உதைத்துத் திறந்து, முதலில் கிடைத்த இரண்டு பிள்ளைகளை இரண்டு கையிலும் தூக்கி வந்து வேப்பமரத்தடியில் போட்டேன். உடம்பு சாக்குமூட்டை மாதிரி தொங்கியது. ஒன்று வாந்தி எடுத்தது. வாந்தி எடுத்ததைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. மறுபடி உள்ளே போனேன். ஒரு நாற்காலியால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன். அடுத்த இரண்டைத் தூக்கினேன். நான் கத்தவில்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஐம்பது பேர் வந்திருப்பார்கள். ஹால் கதவு சாத்தியிருந்தது. அது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது.

மூன்றாம் நடையில் தங்கராசு அய்யா கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். மைக் நின்றதால் என்னைத் தேடி வந்திருக்கிறார். கையில் சீட்டு இருந்தது.

"ஏனுங்க மணி, நல்லாப் போயிட்டிருக்கற நேரத்துல இப்பிடி..." என்றவர், மரத்தடியைப் பார்த்தார்.

"புகைங்க அய்யா. கூலர் இழுத்துப் போட்டுச்சு. உள்ள இன்னும் கிடக்கறாங்க."

அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததில்லை. ஓடினார். ஹால் கதவைத் திறந்து என்னவோ சொல்லியிருக்கிறார்; அவர் தொண்டைக்கு மைக் இல்லாமல் முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. பேராசிரியர் உரக்கப் பேசிச் சமாளித்துக்கொண்டிருந்தார், கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. அய்யா மேடை ஏறித் தலைவர் முன்னால் இருந்த பித்தளை மணியைத் தூக்கி மேசையில் மோதினாராம். மோதிக்கொண்டே இருந்தாராம். அந்தச் சத்தம் எனக்கு வெளியே கேட்டது. அப்புறம் நாற்காலிகள் விழுகிற சத்தம்.

அடுத்த கொஞ்ச நேரத்தை வரிசையாக என்னால் சொல்ல முடியாது. பெண்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒவ்வொருவரும் தன் பிள்ளையைத் தேடி எடுத்தார்கள். கார்கள் கிளம்பின. நான் எண்ணினேன். பதிமூன்று. மறுபடி எண்ணினேன். பதிமூன்றுதான்.

"எங்க எம் புள்ள? வர்ஷினி எங்கீங்க?" என்று முட்டை வியாபாரி செல்வத்தின் மனைவி என் சட்டையைப் பிடித்தாள்.

உள்ளே ஓடினேன். டிவி வைத்திருந்த மேசைக்கு அடியில், கூலருக்கு நேர் எதிரே, அந்தப் பெண் பிள்ளை சுருண்டு கிடந்தாள். ஏழு வயது. இழுத்துத் தூக்கினேன். மற்ற பிள்ளைகள் வெயிலில் போட்டதும் முனகின, அழுதன. இவள் ஒன்றும் செய்யவில்லை.

மற்ற பதிமூன்று பேரும் ஆஸ்பத்திரியில் மாலைக்குள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்கள். வர்ஷினி மட்டும் ஆக்சிஜனோடு உள்ளே இருந்தாள். அன்றும் மறுநாளும் கண் திறக்கவில்லை. பிழைத்தாலும் புத்தி தெளிவாக இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தேன். செல்வத்தின் முகத்தைப் பார்க்கப் பயம். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் பயம். யார் என்ன சொல்லிக்கொண்டு வருவார்களோ என்று தரையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தங்கராசு அய்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடைசியா எப்பப் பாத்தீங்க பிள்ளைங்கள?"

"மெஷினப் பின்னால கொண்டு போனப்பப் பாத்தனுங்க. நல்லா வெளையாடிட்டு இருந்தாங்க. அப்பறம் பந்தி வேலைக்குப் போயிட்டனுங்க."

அவர் தலையை ஆட்டினார். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். இடையில் ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்ததை நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வர்ஷினி கண் திறந்து, "அம்மா, தலை வலிக்குது" என்றாள். செல்வம் வராந்தாவுக்கு வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க இல்லீன்னா எங்க ஊடே இருண்டு போயிருக்குமுங்க மணியண்ணா" என்றார். அந்தக் கையை எப்படி உதறுவது என்று தெரியாமல் நின்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு விருந்தினர் யாரும் இல்லை. தங்கராசு அய்யா மைக் முன்னால் போய் நின்றார். "மெஷினப் பின்னால கொண்டுபோகச் சொன்னது நானுங்க. எங்க வெக்கறாங்கன்னு போய்ப் பாத்திருக்கோணும், பாக்கலீங்க. கதவத் தொறக்கப்படாதுன்னு சொல்லி வெச்சதும் நான்தானுங்க. மணி மேல ஒரு தப்பும் இல்லீங்க. எல்லாரும் என்னை மன்னிக்கோணும்." சொல்லிவிட்டு, பையிலிருந்த துண்டுச் சீட்டுகளை எடுத்துத் தலைவர் மேசையில் வைத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அதற்குப்பின் அவர் பொறுப்பு எதையும் ஏற்கவில்லை. போன வருடம் காலமானார்.

அவ்வளவு பேர் முன்னால் அவர் அதைச் சொன்னபோது, சுவர் ஓரமாக வயரைச் சுற்றிக்கொண்டு நின்ற நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். எத்தனையோ பேருக்கு நான் மடித்துக் கொடுத்த சால்வை, அன்று எனக்கு. வர்ஷினி கையால் போட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, அம்மா தூக்கிவிட, மேடை ஏறினாள். எட்டவில்லை. நான் குனிந்தேன். சால்வையைத் தோளில் வைத்தாள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் என் காதுக்குப் பக்கத்தில் அவள் பேசியது வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"மாமா, நீங்க அன்னைக்கு ஒருக்கா கதவத் தொறந்தீங்கல்ல?"

நான் சால்வை நுனியை இழுத்துச் சரிசெய்தேன்.

"எனக்கு எந்திரிக்க வல்ல. கத்தவும் வல்ல. நான் கையத் தூக்குனனே மாமா. அப்பறம் ஏன் சாத்துனீங்க?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பாக்கல சாமி. தூங்கறீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"சரிங்க மாமா" என்றாள். நம்பிவிட்டாள். போட்டோக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். இருவரும் பார்த்தோம்.

அந்த வருடக் கடைசியில் சங்கத்தை விட்டுக் கிளம்பினேன். வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அம்மாபேட்டையில் ஒரு அறை எடுத்து, வேலைக்கு இரண்டு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே என்று போய் வருகிறேன். இப்போதும் சாத்திய கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தால், யார் வீடு என்றுகூடப் பார்க்காமல் திறந்துவிடுகிறேன். திட்டு வாங்கியிருக்கிறேன்.

நான் அவளிடம் சொன்னது பொய். கதவைத் திறந்தபோது மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை, கண்ணாடி வளையலோடு, முழங்கை வரை எழுந்து விழுந்ததைப் பார்த்தேன். தண்ணீர் கேட்கிறது, உள்ளே போனால் மற்றதும் எழுந்துகொள்ளும், கத்தும், பேச்சு முடியட்டும் என்று நினைத்தேன். நினைத்துத்தான் கதவைச் சாத்தினேன்.

வர்ஷினி இப்போது காலேஜ் போகிறாளாம். மலர் அச்சாகி வந்தால் செல்வம் வீட்டுக்கும் ஒன்று போகும். அவள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். எழுதி முடித்த இந்த நிமிடத்திலிருந்து, அவள் படித்துவிடுவாளே என்று தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன்.